பொன்மலையின் கதை நாகையில் தொடங்குகிறது

பொன்மலை ரயில்வே காலனியைப் பற்றி எழுதுகிறவர்கள் திருச்சியிலிருந்து ஆரம்பிப்பார்கள். எனக்கு நாகப்பட்டினத்திலிருந்து ஆரம்பித்தால்தான் சரியாக வரும்.

1861இல் நாகைக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே ரயில் ஓடியது. அடுத்த வருடமே அந்தப் பாதை திருச்சிக்கு வந்துவிட்டது. துறைமுகம், அங்கேயே ரயில், ரயிலைப் பழுது பார்க்க ஒரு பணிமனை என்று நாகை அந்தக் காலத்தில் செழிப்பாக இருந்தது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி தந்த கூலியில் அடுப்பெரித்த வீடுகள் அங்கே நிறைய. எங்கள் வீடும் அதில் ஒன்று. தாத்தா அந்தப் பணிமனையில் இளவயது ஃபிட்டர்.

1920களில் கம்பெனி தன் பணிமனைகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவரத் தீர்மானித்தது. பல பாதைகள் வந்து கூடுகிற திருச்சிதான் தோதான ஊர். பொன்மலைக் குன்றை ஒட்டிய பரந்த மேட்டு நிலத்தில் வேலை தொடங்கியது. 1753இல் ஆங்கிலேயப் படை பிரெஞ்சு, மைசூர் படைகளோடு மோதியது இந்தக் குன்றடியில்தான். 1928இல் நாகைப் பணிமனை பொன்மலைக்கு மாறியது.

இடம் மாறியதோடு போகவில்லை. பணிமனைகளை ஒன்றாக்கினால் ஆட்கள் குறைவாகப் போதும் என்பது கம்பெனியின் கணக்கு. ஆட்குறைப்பை எதிர்த்து அந்த வருடம் ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுக்க வேலைநிறுத்தம் வெடித்தது. கம்யூனிஸ்ட் தலைவர் சிங்காரவேலர் முன்னின்றார், சிறைக்கும் போனார். போராட்டம் ஒடுக்கப்பட்டது. தாத்தாவுக்கு வேலை தப்பியது. அப்பாயியின் அண்ணனுக்குப் போய்விட்டது. அவர் நாகையிலேயே தங்கி வலை பின்னிப் பிழைத்தார். புது ஊர், புது வீடு என்று யாராவது சந்தோஷமாகப் பேசினால் அப்பாயி பேச்சை மாற்றிவிடுவார். அவருக்குப் பொன்மலை என்றால் அண்ணனை விட்டுவிட்டு வந்த ஊர்.

ஆனால் காலனி அழகாகத்தான் போடப்பட்டிருந்தது, அதை மறைக்கக் கூடாது. நேர்க்கோட்டுத் தெருக்கள், இரண்டு பக்கமும் மரங்கள், தண்ணீர் நிற்காத சாக்கடை, நடக்கிற தூரத்தில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், விளையாட மைதானம். காவிரிக்கரைக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு இதெல்லாம் புதிது. கூடவே இன்னொன்றும் புதிது: வேலையின் படிநிலைப்படி வீடு. குவார்ட்டர்ஸ்களுக்கு ஆங்கில எழுத்துகளில் பெயர். தென் டி, ஜி கார்னர் என்று இன்றும் ஆட்டோக்காரரிடம் அப்படித்தான் இடம் சொல்கிறோம். அதிகாரிக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களா. எங்களுக்கு வரிசை வீட்டில் ஒரு தாழ்வாரம், ஒரு அறை, சமையல்கட்டு, பின்னால் துணி காயப்போட ஒரு முற்றம். தெருப் பெயரைச் சொன்னாலே அப்பாவின் சம்பளம் தெரிந்துவிடும் என்பது பள்ளிக்கூடத்தில் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்த விஷயம்.

காலையில் பணிமனைச் சங்கு ஊதினால் சைக்கிள்கள் கூட்டமாக ஆர்மரி கேட் பக்கம் போகும். அம்மா உலை வைப்பது, நாங்கள் பள்ளிக்குக் கிளம்புவது எல்லாமே அந்தச் சங்கின் கணக்குப்படிதான். வீட்டில் கடிகாரம் இருந்தது, யாரும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் சந்தை. பொன்மலைச் சந்தைக்குத் திருச்சியே வரும். காய்கறி, கோழி, பழைய இரும்பு, துணிமணி எல்லாம் கிடைக்கும். அப்பாயி நேராகப் போவது கருவாட்டுக் கடைக்கு. கையில் எடுத்து முகர்ந்து பார்த்து, ‘இது நம்ம பக்கத்துச் சரக்குதான்டி’ என்று சொல்லிவிட்டுத்தான் விலையே கேட்பார். அது உண்மையிலேயே நாகைக் கருவாடா என்று கடைக்காரரிடம் நான் கேட்டதே இல்லை.

1946 செப்டம்பர் 5 பற்றித் தாத்தா அதிகம் பேசமாட்டார். போராடிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது மலபார் போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். பொன்மலைத் தொழிற்சங்கத் திடலில் வருடாவருடம் அஞ்சலி நடக்கிறது. தாத்தா சட்டையை மாட்டிக்கொண்டு தனியாகப் போய்விட்டு வருவார்.

இந்தக் காலனியைப் பற்றி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது ஓய்வு பெற்றவர்களைப் பற்றி. குவார்ட்டர்ஸ் என்பது வேலை இருக்கும்வரைதான். அறுபதை நெருங்குகிற வயதில் வீட்டைக் காலி பண்ண வேண்டும். சொந்த ஊருக்குத் திரும்பலாம் என்றால் அங்கே நிலமும் இல்லை, உறவும் தேய்ந்துவிட்டது. அதனால் சங்குச் சத்தம் கேட்கிற தூரத்திலேயே, கிடைத்த பணத்தில் மனை வாங்கினார்கள். பொன்மலைப்பட்டி, மேலகல்கண்டார்கோட்டை, அம்பிகாபுரம், சுப்பிரமணியபுரம் எல்லாம் இப்படி வீடு வீடாக நிறைந்தவை. அங்கே சந்துகள் வளையும், சாக்கடை பிந்தித்தான் வரும். ஆனால் எதிர்வீட்டில் யார் என்ன வேலை பார்த்தார் என்பதை வீட்டை வைத்துச் சொல்ல முடியாது. கடைநிலைக் கலாசியாக இருந்தவர் மாடி கட்டியிருப்பார், மேஸ்திரி ஓட்டு வீட்டில் இருப்பார். திட்டம் போட்டுக் கட்டிய ஊரைவிட இந்தத் தெருக்களில்தான் அப்பா நிம்மதியாக இருந்தார் என்று நினைக்கிறேன். வாசலில் அவரே ஒரு வேப்பங்கன்று வைத்தார், யாரிடமும் அனுமதி கேட்காமல்.

தனி நகராட்சியாக இருந்த பொன்மலை 1994இல் ஸ்ரீரங்கத்தோடு சேர்ந்து திருச்சி மாநகராட்சிக்குள் வந்தது. பணிமனை இன்றும் ஓடுகிறது. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் புதிதாகச் செய்து கொடுத்ததும் இங்கேதான். அந்தச் செய்தியைப் படித்தபோது தாத்தாவின் கைகளை நினைத்துக்கொண்டேன்.

பழைய குவார்ட்டர்ஸ்கள் பல ஆளில்லாமல் கிடக்கின்றன, சில இடிக்கப்பட்டுவிட்டன. எல்லாவற்றையும் காப்பாற்றச் சொல்லவில்லை, அது நடக்கிற காரியமுமில்லை. ஒவ்வொரு வகை வீட்டிலும் ஒன்றை, பங்களாவிலிருந்து வரிசை வீடுவரை, கூரை ஓடும் ஜன்னலும் மாறாமல் வைத்திருக்கலாம். முதலில் வரிசை வீட்டைத்தான் காப்பாற்ற வேண்டும். பங்களாக்களைப் படம் எடுத்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் முற்றத்தை யாரும் எடுக்கவில்லை.