பென்சில் கணக்கு

"இதுக்கெல்லாம் பணம் எங்கேருந்து வரும், தம்பி?"

இன்று காலை சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில், நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய பெரியவர் ஒருவர் மாநில வரவு செலவுத் திட்டச் செய்தியைக் காட்டி என்னைக் கேட்டார். அறிவித்த தொகை ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிட்டு ஓரத்தில் கூட்டியிருந்தார். வரவு என்று எழுதிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

மலேசிய மாநிலங்களின் சொந்த வருமானம் பெரும்பாலும் நிலம், காடு, கனிமம் ஆகியவற்றிலிருந்தே வருகிறது என்றும், விரும்பியபடி கடன் வாங்கக் கூட்டரசு அரசியலமைப்பு இடம் தருவதில்லை என்றும் சொன்னேன்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சட்டமன்றத்துக்கென்றே ஒரு பகுப்பாய்வு அலுவலகம் 1941 முதல் இயங்குகிறது. ஆண்டுதோறும் ஜனவரி 10க்குள் ஆளுநர் வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்ததும், கட்சி சாராத அதன் ஆய்வாளர்கள் வருவாய் மதிப்பீடு நம்பத்தக்கதா, இவ்வாண்டு தொடங்கும் திட்டம் வரும் ஆண்டுகளில் எவ்வளவு கேட்கும் என்று ஆராய்ந்து, எவரும் படிக்கும்படி வெளியிடுகிறார்கள். மக்கள் வாக்களிக்கும் முன்மொழிவுகளுக்கும் இந்த ஆய்வாளர்களின் செலவுக் கணக்கு வாக்காளர் கையேட்டிலேயே அச்சாகிறது.

நம் மாநிலச் சட்டமன்றங்கள் ஒவ்வொன்றுக்கும் அப்படி ஓர் அலுவலகம் வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். எதிர்ப்பதற்காக அன்று, ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் ஒரே கணக்கை வைத்து விவாதிப்பதற்காக.

பெரியவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வரவுப் பக்கம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.