எஸ் தீர்ந்துபோன கதை

இந்த வருட மலருக்குப் புரூஃப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. அஞ்சலிக் கவிதை முழுவதையும் சாய்வெழுத்தில் (இட்டாலிக்கில்) அடித்து அனுப்பியிருந்தார்கள். தமிழ் எழுத்தைக் கணினி ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டிருந்தது, அவ்வளவுதான். கொம்பும் சுழியும் வளைவு ரோட்டில் போகும் பஸ்ஸில் நிற்பவர்கள் மாதிரி சரிந்து கிடந்தன.

சாய்வெழுத்து வேறு, தள்ளிவிட்ட எழுத்து வேறு என்று எனக்குக் காட்டியவர் இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். மாமா என்றுதான் கூப்பிடுவோம். 1979இல் நம் பள்ளி மலரின் ஆங்கிலப் பகுதி என் பொறுப்பு. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்வந்த சூட்டில் தேயிலை பற்றி நானே ஒரு கட்டுரை எழுதினேன். தாவரவியல் படிப்பித்த சேர் ஒரே கட்டளைதான் போட்டார்: தேயிலையின் அறிவியல் பெயர் கமேலியா சைனென்சிஸ் என்று வரும் இடமெல்லாம் சாய்வில் இருக்க வேண்டும். முதல் சொல் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்கலாம்.

மாமா இரண்டு ஈய எழுத்துகளை என் உள்ளங்கையில் வைத்தார். நேர் ‘ஏ’ இரண்டு அடுக்கு. சாய்வு ‘ஏ’ கையால் எழுதுவதைப் போல ஒரே அடுக்கு. நேரெழுத்துக்கு அடியில் தட்டைப் பாதம் உண்டு. சாய்வில் பேனா தொட்டுப் போனது மாதிரி சின்னக் கொக்கிதான். ‘எஃப்’ கோட்டுக்குக் கீழேயும் இறங்கும். அதன் தலை கட்டையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், லேசாகத் தட்டினாலே உடையும். அவருடைய பெட்டியில் பாதி எஃப் மூக்கறுந்தவை.

சாய்வெழுத்து கையெழுத்தின் வாரிசு என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற அச்சகர், ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகளைச் சாய்வெழுத்திலேயே அச்சிட்டார். எழுத்தைச் செதுக்கியவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. பெரிய எழுத்துகள் அப்போது நேராகவே நின்றன. நூற்பெயர், கப்பல் பெயர், அயல்மொழிச் சொல் என்று நேரெழுத்துக்கு நடுவே துணைக்கு வந்து நிற்கும் வேலை பிற்பாடு சேர்ந்தது.

சரி, நம் கதைக்கு வருவோம். சைனென்சிஸில் மட்டும் மூன்று எஸ். என் கட்டுரையில் அந்தப் பெயர் எட்டு இடத்தில். 24 எஸ் வேண்டும், பெட்டியில் இருந்தது 19. பக்கங்கள் எல்லாம் ஒரே ஓட்டத்தில் அச்சில் ஏறுவதால், அச்சான எழுத்தைக் கலைத்துத் திரும்பக் கோக்கவும் வழியில்லை.

“தம்பி, ரெண்டு எடத்துல பேர வெட்டிட்டு ‘இந்தச் செடி’ன்னு போட்டுருங்க” என்றார் மாமா. நான் மாட்டேன் என்றேன். பதினேழு வயது ஆசிரியருக்கு இருக்கும் வீம்பு அது. கடைசி இரண்டும் நேரெழுத்தில் அச்சாகின.

சேர் மலரைப் புரட்டி, அந்தப் பக்கத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். தேயிலைக் கிளைகளைச் சாய்வாக வெட்டிவிடுவதைத் தோட்டத்தில் கவ்வாத்து என்போம். “ஏன்டா, இந்த ரெண்டு செடிக்கு மட்டும் கவ்வாத்து வெட்டலையா?”

அஞ்சலிக் கவிதையை நேரெழுத்துக்கே மாற்றி, ஓர் அளவு சின்னதாக்கி, இரண்டு ஓரமும் கொஞ்சம் உள்ளே தள்ளித் திருப்பி அனுப்பிவிட்டேன். மலர்க்குழுவில் ஒருவர் என்மேல் கோபமாக இருப்பதாகக் கேள்வி.