முதல் ஸ்கேன் துண்டை லெமினேட் பண்ணிராதீங்க

பிள்ளை பிறந்து நாலு மாசம் ஆகுது, இப்பதான் இதை எழுத மனசு வந்திருக்கு. வயித்துல பிள்ளை வளர்ச்சி காணாது எண்டு கேட்ட நாள்ல இருந்து நாங்க பட்ட பாடு வேற யாருக்கும் வரவே கூடாது, அதுவும் ஒரு துண்டுக் கடதாசிக்காக.

நாங்க மட்டக்களப்புல படுவான்கரைப் பக்கம். கிளினிக் பதிவு, ரத்தம், குளிசை, கிளினிக்ல தாற திரிபோஷா சத்துமா எல்லாம் ஒழுங்காத்தான் நடந்திச்சு. 28 கிழமையில வயித்த டேப் வச்சு அளந்தா 27. 30ல வேற ஒராள் வந்து அளந்தாங்க, அதே 27. நம்பர கார்டுல எழுதினாங்க, ஆனா கிராஃப்ல புள்ளி வைக்கல்ல. நான் கேட்டதுக்கு "நீங்க சின்ன உடம்புதானே, பிள்ளையும் சின்னனாத்தான் இருக்கும்" எண்டாங்க, நானும் நம்பிட்டு வந்துட்டன். 24 கிழமைக்குப் பிறகு டேப் வச்சு அளக்கிற அந்த வயித்து உயரம் சென்டிமீட்டர்ல கிட்டத்தட்ட கிழமைக் கணக்குக்கு வரணும், ரெண்டு மூணு கூடிக் குறையலாம், ஆனா ரெண்டு கிழமை கழிச்சு அளந்தும் நம்பர் அசையல்ல எண்டா விடாமக் கேளுங்க. எனக்கு அப்ப அது தெரியாது. 32ல எங்கட மிட்வைஃப் மிஸ் லீவு முடிஞ்சு வந்து அளந்தா 28. அவ பேனையால மூணு புள்ளியும் வச்சு கோடு இழுத்தா, அந்தக் கோடு அப்பிடியே கீழ சாய்ஞ்சிது. பிரஷரும் 140/90. அண்டைக்கே லெட்டர் தந்து அனுப்பிட்டா.

ஆஸ்பத்திரியில ஸ்கேன் பண்ணினா பிள்ளை 1.4 கிலோ. டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "முதல் ஸ்கேன் ரிப்போட் எங்க?"

எனக்கு மாசம் மாசம் ஒழுங்கா வாறதில்ல, அதால கடைசியா வந்த திகதிய வச்சுப் போட்ட கணக்கு மூணு கிழமை முன்னபின்ன இருக்கலாமாம். 29 கிழமைப் பிள்ளை எண்டா அந்த நிறை சரி, 32 எண்டா பிள்ளைக்கு வயித்துக்குள்ள சாப்பாடு காணாது. எது எண்டு சரியாச் சொல்லுறது 11, 12 கிழமையில பிள்ளையின்ட நீளத்த அளக்கிற அந்த ஸ்கேன்தான், பிந்தி எடுக்கிற ஸ்கேன்ல அந்தளவு துல்லியமா வராது.

என்னட்ட இருந்தது. டவுன்ல காசு குடுத்து எடுத்தது, அளவு திகதி எல்லாம் அந்தப் படத்துலயே அடிச்சிருந்திச்சு. முதல் போட்டோ எண்டு இவர் ஆசையாக் கொண்டுபோய் லெமினேட் பண்ணக் குடுத்தவர், அது சூடு பட்டாக் கறுக்கிற கடதாசி, முழுக்கக் கறுத்துப் போச்சு. டொக்டர் யன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு "ஒண்டும் தெரியல்லயேம்மா" எண்டு திருப்பித் தந்தார். எனக்கு அழுகைதான் வந்திச்சு.

என்னை வார்ட்ல வச்சுட்டாங்க, இவர் அந்த ஸ்கேன் எடுத்த இடத்துக்குப் போனார். "ஆள் வராமத் தர ஏலாது." என்ட கடிதம், ஐடி கொப்பியோட அடுத்த நாள் திரும்பப் போனா "மூணு மாசத்துக்கு முந்தினது கம்ப்யூட்டர்ல இல்ல" எண்டு தலைய நிமித்தாமச் சொல்லி அனுப்பியாச்சு. அத முதல் நாளே சொல்லியிருக்கலாமே? மூணாவது தரம் கவுன்டருக்குப் போகாம உள்ள நிண்ட ஒரு தங்கச்சியிட்ட விஷயத்தச் சொல்ல, அந்தப் பிள்ளை பெரிய ரெஜிஸ்டர எடுத்துத் தேடி, 54 மில்லிமீட்டர், 12 கிழமை எண்டு எழுதி சீலும் குத்திக் குடுத்திச்சு. அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும்.

கணக்கு 32 சரி. அப்ப பிள்ளை உண்மையாவே சின்னன். ரத்த ஓட்டம் பாக்கிற டொப்ளர் ஸ்கேன்ல தொப்புள்கொடியில ரத்தம் கஷ்டப்பட்டுத்தான் ஓடுது எண்டாங்க, பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கிற நச்சுக்கொடி சரியா வேலை செய்யல்ல, பிரஷரும் அதோட சேந்தது. பிறகு பிரஷர் குளிசை, கிழமைக்கு ஒரு டொப்ளர், ரெண்டு கிழமைக்கு ஒருக்கா நிறை. 37ல மருந்து வச்சு பிறந்தா, 2.1 கிலோ.

மாமி பாவம், நான் சாப்பிடாததாலதான் இப்பிடி எண்டு நினைச்சு முட்டையும் மீனுமாத் தந்துகொண்டே இருந்தா. சாப்பாடு குறைஞ்சாலும், ரத்தம் காணாட்டியும் பிள்ளை வளர்ச்சி குறையும்தான், ஆனா நச்சுக்கொடியில பிழை எண்டா எவ்வளவு திண்டாலும் அது சரிவராது எண்டு டொக்டர் சொன்ன பிறகுதான் என்ட குற்ற உணர்ச்சி கொஞ்சம் இறங்கிச்சு. ஒண்டு மட்டும், வாந்திக்கு நல்லம் எண்டு பெத்தாமார் தாற வெத்திலையில புகையிலை இருந்தா வாங்காதீங்க, சிகரட் மாதிரி அதுவும் பிள்ளையின்ட நிறையக் குறைக்கும்.

எங்கட அம்மாக்கும் என்னைச் சுமக்கக்குள்ள பிரஷர் இருந்ததாம், நான் அத முதல் கிளினிக்ல சொல்லவே இல்ல. அப்பிடி ஆபத்து உள்ள ஆக்களுக்கு 16 கிழமைக்கு முந்தியே சின்ன அளவு ஆஸ்பிரின் தொடங்குவாங்களாம், அதுக்குப் பிறகு தொடங்கினா அந்தளவு பலன் இல்லையாம். நீங்களா வாங்கிப் போடாதீங்க, ஆனா வீட்டுல யாருக்கு என்ன இருந்தது எண்டு கேட்டுக்கொண்டு போய் முதல் நாளே சொல்லுங்க. அசைவு குறைஞ்ச மாதிரி இருந்தா அடுத்த கிளினிக் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்காம அண்டைக்கே போங்க.

முதல் ஸ்கேன் துண்ட கையில தந்த உடனே போன்ல ஒரு போட்டோ, கடையில ஒரு கொப்பி, மிட்வைஃப் மிஸ்ஸிட்ட சொல்லி அந்த நீளத்தையும் கிழமையையும் கார்டுல எழுதிக்கொள்ளுங்க. நான் அந்தக் கறுத்த துண்ட இன்னும் எறியல்ல, சீல் குத்தின கடதாசிக்குப் பின்னால ஃபைல்ல வச்சிருக்கன்.