சிவனொளிபாதத்தில் மகனின் நேர்த்தி

அம்மாவின் நேர்த்தி இந்த வருடம் நிறைவேறியது. உச்சியில் சிவனின் பாதம் பதிந்த சிவனொளிபாத மலைக்கு எங்கள் மகனை நடத்தியே கூட்டிப்போய் வந்துவிட்டோம். எல்லாம் அப்பனின் கருணை.

அவன் ஏழு மாதத்தில் பிறந்த பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தே வளர்ந்தவன். மூன்று வயது தாண்டியும் கால் ஊன்றவில்லை. வைத்தியர்கள் சொன்ன பயிற்சி ஒன்றையும் நாங்கள் விடவில்லை. ஆனால் அம்மா தன் வழியில் ஒரு காரியம் செய்தார். கீரிமலைக் கேணியில் முழுகி, ஈரம் காயாமல் நகுலேஸ்வரர் முன்னால் நின்று, "இவனுக்கு நடையைத் தா. நடத்தியே உன்ர பாதத்துக்குக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று நேர்ந்தார். நாலாம் வயதில் பிள்ளை நடந்தான். வேறு நேர்த்தி என்றால் அந்த மாதமே முடித்திருப்போம். இதற்கு அவனுடைய கால்கள் உரம் பெற வேண்டியிருந்தது. இப்போது ஒன்பது வயது.

யாழ்ப்பாணத்தில் ஏறிப் பழக மேடு ஏது? பின்னேரங்களில் கோட்டைக்குப் போய் மதிலில் ஏறுவதும் இறங்குவதுமாகப் பழக்கினோம். காற்று முகத்தில் அடிக்க அடிக்க அவனும் சலிக்காமல் ஏறினான்.

இரவு வான் வண்டியில் வெளிக்கிட்டு, ஏ9 பாதையால் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை தாண்டி விடியக் கண்டியைப் பிடித்தோம். கண்டி, நுவரெலியாப் பக்கத்துச் சனம் கொடுத்துவைத்தவர்கள். இரவு சாப்பிட்டுவிட்டு வெளிக்கிட்டால் விடியச் சூரியனைக் கும்பிட்டுவிட்டு அடுத்த நாள் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். எங்களுக்கு மலையடிக்குப் போய்ச் சேருவதே ஒரு யாத்திரை. கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை, ஹட்டன் என்று வளைந்து வளைந்து போகும்போது மகன் ஒவ்வொரு மலையையும் காட்டி "இதுவா, இதுவா" என்று கேட்டபடியே வந்தான். மஸ்கெலியா தாண்டி, மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் கரையில் சாரதி வண்டியை நிறுத்தினார். பழைய மஸ்கெலியா நகரமும் கோயிலும் அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கின்றன. தண்ணீர் வற்றினால் கோயில் வெளியே தெரியுமாம். நிமிர்ந்து பார்த்தால் தேயிலைக்கு மேலே, முகிலுக்கும் மேலே, கூராக நின்றது மலை. அம்மா வண்டிக்குள் இருந்தபடியே கைகூப்பினார்.

மலையடி ஊரான நல்லதண்ணியில் வாகனம் நிற்கமுதலே தரகர்கள் கண்ணாடியில் தட்டத் தொடங்கிவிட்டார்கள். சுடுதண்ணி உண்டு, மலைக்கு நேரே ஜன்னல் உண்டு என்று ஒருவர் பேசிய விலை, பைகளை இறக்கியதும் இரண்டு மடங்கானது. சுடுதண்ணியும் இல்லை. விரதம் இருந்து, வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வருகிற சனத்திடம் இப்படிப் பறிப்பது பாவம். சுவாமியின் காலடியில் இருந்துகொண்டு செய்கிற பாவம்.

பருவகாலம் மார்கழிப் பூரணையில் தொடங்கி வெசாக்கோடு முடியும். அந்த மாதங்களில் பாதை முழுக்க விளக்கு எரியும். கீழே நின்று பார்த்தால் விளக்கு வரிசை வளைந்து வளைந்து வானத்துக்கு ஏறுவது போல இருக்கும். மகனுக்காக நாங்கள் இரவு பத்து மணிக்கே நடக்கத் தொடங்கினோம். பாதைக்குக் குறுக்கே நிற்கும் மகர தோரண வாசலைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் அம்மாவின் முழங்கால் மறுத்துவிட்டது. திரும்பி அறைக்குப் போகவும் அவருக்கு மனமில்லை. அங்கே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி, "பாட்டி இங்கேயே இருக்கட்டும்மா, நான் பாத்துக்கிறேன். நீங்க தம்பியைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்று வாங்கை ஒதுக்கி, தன் கம்பளியையே எடுத்துப் போர்த்திவிட்டாள். காசு ஏதும் பேசவில்லை.

சீத கங்குல ஓடையில் முகம் கழுவினோம். தண்ணீரா பனியா என்று தெரியாத குளிர். யாத்திரிகர்கள் நூல் கட்டும் இடமான இந்திகட்டுபானவில் நாங்களும் நூல் கட்டினோம். அதற்கு மேலே படிகள் செங்குத்து. மொத்தம் ஐயாயிரத்துக்கு மேல் என்று சொல்வார்கள். எண்ணிக்கொண்டு ஏறுகிறவர்கள் பாவம், நாங்கள் சிவபுராணத்தைச் சொல்லிக்கொண்டு ஏறினோம். பூரணை விடுமுறை என்பதால் உச்சிக்குக் கிட்ட சனம் நெருக்கித் தள்ளியது. ஒரே படியில் நெடுநேரம் நின்றோம். பின்னால் இருந்து இளசுகள் கைப்பேசி விளக்கை முகத்தில் அடித்தபடி முண்டிக்கொண்டு போனார்கள். குடித்த போத்தலைப் பற்றைக்குள் எறிந்தார்கள். மகனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவன் அழவில்லை, ஆனால் உதடு நடுங்கியது. இவர் தூக்கப் போனார். "வேண்டாம் அப்பா, நடத்தித்தானே கூட்டிப்போக வேணும்" என்றான்.

எங்களுக்கு முன் படியில் வெள்ளை உடுத்த ஒரு சிங்கள ஆச்சி. "கருணாவாய், கருணாவாய்" என்று பாடிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அந்த நெரிசலிலேயே குந்தி, மடியிலிருந்த சித்தாலேப வலித் தைலத்தை எடுத்து மகனுடைய இரண்டு காலிலும் சூடு பறக்கத் தேய்த்துவிட்டார். எனக்கு அவருடைய மொழியில் நன்றி என்ற ஒரு சொல்தான் வந்தது. ஆச்சி அவன் தலையைத் தடவிவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தார். புத்தர் பாதம் என்று அவர் ஏறினார், சிவன் பாதம் என்று நாங்கள் ஏறினோம். ஏறியது ஒரே படி.

உச்சியில் செருப்பைக் கழற்ற வேண்டும். மகன் சப்பாத்தைக் கழற்றி, காலுறையையும் கழற்றிவிட்டு, அந்தக் கல்லில் வெறுங்காலை வைத்தான். 7,359 அடி உயரத்தில், உறையும் கல்லில், அந்த இரண்டு கால்கள். என் கண் அதைத் தாண்டி எங்கும் போகவில்லை. இந்தப் பாதங்களை என் மடியில் வைத்து எண்ணெய் தேய்த்த இரவுகள் எத்தனை! தரையில் வைத்ததும் துவண்டு மடியும். மெல்லிய, சூடில்லாத, நிலத்தையே அறியாத பாதங்கள். இன்று அவை குளிரில் சிவந்து, விரல்களை அகட்டிப் பிடித்துக்கொண்டு, யாருடைய கையும் பிடிக்காமல் நின்றன. வரிசை நகர்ந்தது. அவன் தானாகவே உள்ளே போனான். திருப்பாதத்தின் மேல் துணி போர்த்தியிருந்தது. அதன்மேல் பூக்கள். நெற்றியை வைத்து, "அம்மம்மா சொன்ன மாதிரி நடந்து வந்திட்டேன், சுவாமி" என்றான். பக்கத்தில் நின்றவர் எங்களை நகரச் சொல்லிக் கையைக் காட்டினார். சில நொடிதான். எனக்கு அது போதும், ஏழு பிறப்புக்கும் போதும். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன மிச்சம் வைத்தாய், அப்பனே?

முதல்முறை ஏறியவன் என்பதால் மணியை ஒரு தரம் அடித்தான். சூரியன் வந்தது. சனமெல்லாம் மேற்குப் பக்கம் ஓடியது, மலையின் நிழல் முகில் மேல் முக்கோணமாக விழுவதைப் பார்க்க. இவரும் மகனும் பார்த்தார்கள். நான் கிழக்கே நின்று தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தேன், குரல் வரவில்லை.

இறக்கம் ஏற்றத்தைவிடக் கொடியது, முழங்கால் வலி உள்ளவர்கள் தடி கொண்டுபோங்கள். முடிந்தால் பூரணையையும் வார இறுதியையும் விட்டு நடுவாரத்தில் போங்கள். ஒருமுறையாவது போங்கள்.

கடைக்கு வந்தபோது அம்மா அந்தப் பெண்ணோடு சுடச்சுட ரொட்டி சாப்பிட்டபடி கதைத்துக்கொண்டிருந்தார், பிறந்த வீட்டுக்கு வந்தவர் போல. மகன் ஓடிப்போய்த் திருநீற்றை அவர் நெற்றியில் பூசினான். இவர் நீட்டிய காசை அந்தப் பெண் தேத்தண்ணிக்கும் ரொட்டிக்கும் மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அம்மா விடவில்லை. என் கைப்பையில் பேனை தேடி, அவளுடைய பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார். வந்த முதல் வெள்ளிக்கிழமை நல்லூரில் ஒரு ரூபாய்ச் சீட்டு எடுத்து அர்ச்சனை செய்தோம். ஐயரிடம் எங்கள் பெயர்களைச் சொல்லமுதல் அம்மா அவள் பெயரைச் சொன்னார், பூராட நட்சத்திரம்.