மூன்று முறை என் தலைமேலேயே கவிழ்ந்த கயாக்

கடல் கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) கவிழ்ந்தால் திரும்ப ஏறுவதற்குக் கைவலு போதும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். முதல் பயிற்சியில், மதில் ஏறுவதுபோல் காக்பிட் (உட்காரும் குழி) விளிம்பைப் பிடித்து எம்பினேன். படகு என் பக்கமே சாய்ந்து தலைமேல் விழுந்தது. மூன்று முறை! நாலாவது முறை எம்பத் தெம்பில்லை.

தப்பு கையில் இல்லை, காலில். கால் நீருக்கடியில் தொங்கும்வரை முழு எடையையும் கைதான் தூக்க வேண்டும். காலை உதைத்து உடம்பை நீர்மட்டத்துக்குக் கிடையாகக் கொண்டுவந்துவிட்டால், தூக்கவே வேண்டாம், மீன் மாதிரி வழுக்கி ஏறலாம்.

தனியாக இருந்தால் பேடில் ஃப்ளோட்தான், அதாவது துடுப்பு முனையில் மாட்டி ஊதும் மிதவைப் பைதான், எனக்குத் துணை. கவிழ்ந்து வெளியே வந்ததும் ஒரு காலை காக்பிட்டுக்குள் கொக்கிபோல் மாட்டிக்கொள்வேன். காற்றில் காலிப் படகு நம்மை விட்டு ஓடிவிடும், ஊதுவதற்கோ இரண்டு கையும் வேண்டும். ஃப்ளோட்டைத் துடுப்பின் ஒரு முனையில் மாட்டி ஊதி, படகை நிமிர்த்தி, துடுப்பைக் காக்பிட்டுக்குப் பின்னால் குறுக்கே வைத்து, தண்டையும் விளிம்பையும் சேர்த்துப் பிடிப்பேன். அப்புறம் உதை, உதை, உதை. நெஞ்சு பின்தளத்தில் ஏறியதும் தலை பின்முனையைப் பார்க்கும். ஒரு கால் துடுப்புத் தண்டின்மேல், இன்னொன்று காக்பிட்டுக்குள், பிறகு இரண்டும் உள்ளே. குப்புறப் படுத்தபடியே ஃப்ளோட் இருக்கிற பக்கமாகத் திரும்பி உட்கார வேண்டும். எடை எப்போதும் அந்தப் பக்கம். இதை மறந்து மறுபக்கம் திரும்பி, ஏறிய களிப்போடு மறுபடி தண்ணீருக்குள் போயிருக்கிறேன்.

உட்கார்ந்துவிட்டால் முடிந்ததா? இல்லை. காக்பிட்டில் நீர் அலசிக்கொண்டே படகைத் தள்ளாட வைக்கும். அதைப் பம்ப் செய்து வெளியேற்றி, காக்பிட்டுக்குள் நீர் புகாமல் மூடும் ஸ்பிரே ஸ்கர்ட்டை மாட்டிய பிறகுதான் ஃப்ளோட்டைக் கழற்றுகிறேன்.

ஃப்ளோட் இல்லாமல் பின்தளத்தில் குதிரையேறி, குப்புற ஊர்ந்து, பின்பக்கத்தைக் காக்பிட்டில் இறக்குகிற வழியும் உண்டு. பார்க்க அழகு. அலை வந்தால் என்னால் ஆகாது.

கூட ஒருவர் இருந்தால் இந்தக் கூத்தெல்லாம் எதற்கு? அவர் என் படகின் முன்முனையைத் தன் தளத்தின்மேல் இழுத்துத் தண்ணீரைக் கொட்டி, நிமிர்த்தி, பக்கத்தோடு பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். நான் உதைத்து ஏறினால் போதும். தனியே நான் படுகிற பாட்டில் பாதி நேரம்கூட ஆகாது. குளிர்ந்த நீரில் அது பெரிய விஷயம்: விரல் மரத்துப்போனால் ஃப்ளோட்டின் வால்வைத் திருகக்கூட முடியாது. அதனால் இப்போதெல்லாம் வீட்டில் தடிமனான கையுறை போட்டுக்கொண்டு அந்த வால்வைத் திறந்து மூடிப் பழகுகிறேன்.