பத்து டம்ளர்

மே 4

அக்னி நட்சத்திரம் இன்று தொடங்கிவிட்டது. காலை ஆறு மணிக்கே கூஜாவில் ஒன்றரை லிட்டர் அளந்து வைத்தேன். பத்து டம்ளர். அப்பா உடம்பில் நீர் தங்குகிறது, அதனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்பது டாக்டர் கணக்கு. காபி, ரசம், மோர் எல்லாம் இதற்குள்தான். அப்பா ரசம் ஊற்றிச் சாப்பிட்டால் அந்த அளவைக் கூஜாவிலிருந்து எடுத்துத் துளசிக்கு ஊற்றிவிடுகிறேன். மதியம் இரண்டு மணிக்குப் பார்த்தால் நாலு டம்ளர்தான் மிச்சம். ராத்திரி வரைக்கும் நாலு. இன்னும் இருபத்திநாலு நாள்.

மே 5

அப்பா எடை 61.4. கால் வீக்கம் இல்லை.

மே 7

திசையன்விளை மாமா ஒரு கேன் நிறையப் பதநீரும், நுங்குக் குலை இரண்டும் கொண்டு வந்தார்கள். நேற்று எதிர்வீட்டு மதினி இளநீர். முந்தாநாள் யாரோ நன்னாரி சர்பத். எல்லாரும் பாசத்தில்தான் கொண்டு வருகிறார்கள், எனக்குத்தான் வாசலில் வைத்தே மறிக்க வேண்டியிருக்கிறது. இளநீர் கூடவே கூடாது, பொட்டாசியம் ஏறிவிடும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். இந்த ஊரில் வெயிலுக்கு என்ன செய்யலாம் என்று யாரைக் கேட்டாலும் குடிக்கத்தான் சொல்கிறார்கள். குடிக்கக் கூடாதவருக்கு என்ன செய்ய என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

மாமா பதநீர் குடிக்கப் பனையோலையில் பட்டை பிடித்து வந்திருந்தார்கள். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். ஒரே மடக்கில் குடிக்கவில்லை. ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, நாக்கில் வைத்து வைத்து இறக்கினார். கடைசியில் ஓலையை முகர்ந்து பார்த்தார். நான் அடுக்களைக்குப் போய்க் கூஜாவிலிருந்து அரை டம்ளர் கொட்டினேன். கொட்டும்போது கை நடுங்கியது.

மே 8

உள்ளே ஊற்ற முடியாது, சரி, வெளியே ஊற்றலாம்.

வேர்வை காயும்போதுதான் உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அளந்து குடிக்கிறவருக்கு அவ்வளவு வேர்வை எங்கிருந்து வரும்? அதனால் வேர்வையின் வேலையைத் துண்டு செய்யட்டும். பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பிடரி, கக்கம், முழங்கை மடிப்பு, பாதம் என்று ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை துடைக்கிறேன். துடைத்த பிறகுதான் ஃபேன். காய்ந்த உடம்பில் மத்தியான ஃபேன் அடுப்படி அனலை ஊதுவது மாதிரிதான் இருக்கிறது, ஈரத்தின் மேல் பட்டால் சிலிர்க்கிறது. இன்று நாலாவது தடவை துடைத்ததும் அவராகவே தூங்கிவிட்டார். ஏழு மணிக்குக் கூஜாவில் மூன்று டம்ளர் இருந்தது!

மே 10

கட்டில் இப்போது வெயிலோடு நகர்கிறது. காலையில் மேற்கே இருக்கிற மேல அறை. பதினொன்றுக்கு மேல் பட்டாசல், அதாவது கூடம், அங்கே ஓட்டுக்கூரை உயரம். சாயங்காலம் முற்றம். மெத்தையை எடுத்துவிட்டேன். கயிற்றுக் கட்டில், மேலே பத்தமடைப் பாய் மட்டும். முதுகுக்கு அடியில் காற்று போகிறது.

பின் அறைக்குத்தான் ஒரு வழியும் இல்லை, அது கான்கிரீட். ராத்திரி ஒன்பது மணிக்கு மேற்குச் சுவரில் கை வைத்தேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது.

மே 11

பின் அறை மொட்டைமாடித் தட்டட்டிக்குச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடித்தாயிற்று. கண் கூசுகிறது. பின் அறையில் கொஞ்சம் பரவாயில்லை.

மே 13

தம்பி போனில் மறுபடியும் ஏசி. அப்பா கையை ஆட்டிவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மே 14

மதியம் 1.40க்குக் கரண்ட் போனது. வரும்போது மணி நாலு. பனையோலை விசிறியில் தண்ணீர் தெளித்து வீசிக்கொண்டே இருந்தேன். கை மாற்றி மாற்றி. அவர் தூங்குகிறார் என்று நினைத்தேன். "போதும்ட்டி, கை கடுக்கும்" என்றார், கண்ணைத் திறக்காமல். நிறுத்தவில்லை.

மே 15

எடை 60.5.

மே 16

59.9. ஐந்தாம் தேதிக்கு இது ஒன்றரைக் கிலோ குறைவு. நாக்கு வறண்டிருக்கிறது. பாத்ரூமிலிருந்து வரும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார், தலை சுற்றுகிறதாம். நான்தான் குறைத்துவிட்டேனோ? நுங்கு இரண்டு சுளைக்கு அதிகமாகக் கொட்டினேனோ? நேற்று ரசத்துக்கு இரண்டு தடவை கழித்தேனா? எழுதி வைத்ததைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்க்கிறேன், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வெயில் எடுத்துக்கொண்டு போகிற கணக்கு என் நோட்டில் இல்லையே.

டாக்டருக்குப் போன் போட்டேன். வெயில் தணியும்வரை நீர் பிரிகிற மாத்திரை பாதி, தண்ணீர் 1800 மில்லி.

பன்னிரண்டு டம்ளர். பன்னிரண்டு!

மே 19

சாயங்காலம் கோடை மழை. அரை மணி நேரம். மண் வாசனைக்கு அப்பா மூக்கை உயர்த்தினார். ஆனால் ராத்திரி முழுக்கப் புழுக்கம். ஜன்னலில் நனைத்துக் கட்டுகிற அவருடைய எட்டு முழ வேட்டி காயவே இல்லை, தொங்கியபடியே நின்றது. காற்றில் ஈரம் ஏறிவிட்டால் எந்த ஈரத்துணியும் குளிர்ச்சி தராது. அவிழ்த்துப் போட்டேன். வறண்ட வெயில் எவ்வளவோ மேல்.

மே 20

பானைத் தண்ணீர் முன்னைப் போலச் சில்லென்று இல்லை. வெளிப்பக்கம் உப்புப் பூத்திருக்கிறது, கசிவு அடைபட்டுவிட்டது. தேங்காய் நாரால் தேய்த்தும் சரிவரவில்லை. காருகுறிச்சிப் பானை புதிதாக ஒன்று வாங்க வேண்டும்.

மே 22

தாமிரபரணியில் குறுக்குத்துறைக்குப் போக வேண்டும் என்று மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். படி இறங்க முடியாதே என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். இன்று ஐந்தரைக்கு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். ஆட்டோக்காரத் தம்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நாலு படி இறங்கி உட்கார வைத்தோம். ஆற்றில் தண்ணீர் கொஞ்சம்தான், ஆனால் ஓடுகிற தண்ணீர். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலையும் உள்ளே விட்டுக்கொண்டார். சின்னக் கெண்டைகள் வந்து கால் விரல் இடுக்கில் கொத்தின. அப்பா விரலை மெதுவாக விரித்துக் கொடுத்தார். நடு ஆற்றில் இருக்கும் முருகன் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "வெள்ளம் வந்தா சாமியவே மேலக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போவோம்" என்றார். நாற்பது நிமிஷம் இருந்திருப்போம். வீட்டுக்கு வந்து எட்டு மணி வரை தண்ணீர் கேட்கவில்லை.

மே 23

மறுபடி ஆறு. இன்று தூக்குவாளியில் எலுமிச்சை ஊறுகாயும் பழைய சோறும் கொண்டுவந்த ஒரு குடும்பம் பக்கத்துப் படியில் சாப்பிட்டது. அப்பாவுக்கு ஊறுகாய் வாசனை. உப்பும் கூடாதே. முகத்தைத் திருப்பி உட்கார வைத்தேன்.

மே 28

அக்னி முடிந்தது என்கிறார்கள். சுவருக்கு அது தெரியவில்லை. எடை 60.6.

மே 30

தென்காசியிலிருந்து சித்தி போன். அங்கே சாரல் விழ ஆரம்பித்துவிட்டதாம். நமக்கு மழை இல்லை, மலை தாண்டி வருகிற காற்று மட்டும்தான், அது போதும். அப்பா கட்டிலை மேல ஜன்னலுக்கு நேரே போடச் சொல்கிறார். செங்கோட்டைக் கணவாயைத் தாண்டிவிட்டால் ஒரே ராத்திரியில் இங்கே வந்துவிடும் என்கிறார்.

மே 31

காற்று இல்லை. வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. 61.2.

ஜூன் 1

61.9. வெயில் குறைந்திருக்கிறது, அதனால் இருக்கும். பன்னிரண்டைப் பத்தாக்கலாமா என்று கேட்க வேண்டும். இன்று ஞாபகமாகப் பதினொன்றுதான் கொடுத்தேன்.

ஜூன் 2

ராத்திரி இரண்டு மணிக்கு ஜன்னல் வேட்டி படபடவென்று அடித்தது. மேல்காற்று. எழுந்து போனேன். அப்பா ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தார், சட்டை பொத்தானைத் திறந்து நெஞ்சைக் காட்டிக்கொண்டு. "வந்துட்டு பாத்தியா" என்றார். நானும் கட்டில் காலடியில் உட்கார்ந்தேன். இருட்டில் அவர் பாதத்தைத் தொட்டேன். குளிர்ந்துதான் இருந்தது. கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தபோது குழி அப்படியே நின்றது.

அவரால் படுக்க முடியவில்லை என்று விடிந்த பிறகுதான் சொன்னார். 62.8.

ஏழு மணிக்கு ஆட்டோ வரச் சொல்லியிருக்கிறேன். கூஜாவில் இன்னும் ஊற்றவில்லை.