தேதி போடாத தாள்

“இன்றைக்குத்தானே கேட்கிறோம் தம்பி. அவர்கள் சொல்லவில்லை என்று இன்றைக்கே எப்படிக் கையெழுத்துப் போடுவது?”

பாம்பனிலிருந்து வந்த அக்கா இப்படிக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். கேலிச் சிரிப்பு இல்லை. அந்த மேல்முறையீட்டுத் தாளை எத்தனையோ பேரிடம் நீட்டியிருக்கிறேன், ஒருவரும் படித்ததில்லை. பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்தையோ கைநாட்டையோ வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிடுவார்கள். இவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். கடற்பாசி எடுத்து எடுத்துப் பாறை கீறிய விரல் சொல் சொல்லாக நகர்ந்து, “முப்பது நாட்கள் கடந்தும் எனக்கு எவ்விதத் தகவலும் வழங்கப்படவில்லை” என்ற வரியில் வந்து நின்றது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி மனுப் போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால், கெடு முடிந்ததிலிருந்து அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். மனுவை எழுதும்போதே மேல்முறையீட்டையும் எழுதி, தேதிக்கான இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு, இரண்டிலும் ஒரே நாளில் கையெழுத்து வாங்கிவிடுவது என் வழக்கம். மண்டபம் ஊரில், மனு எழுதிக் கொடுக்கும் எங்கள் அறைக்கு இணைய இணைப்பு தன் இஷ்டத்துக்கு வரும், போகும். அதை நம்பாமல் எல்லாவற்றையும் கணினியில் முன்கூட்டியே எழுதி, அச்செடுத்து, ஆள்வாரியாகக் கோப்பில் சொருகிவிடுவேன்.

கூடவே நீளமான கணக்கு நோட்டு ஒன்று. பெயர், அனுப்பிய நாள், ஒப்புகை அட்டை திரும்பி வந்த நாள், கெடு முடியும் நாள், பதில். கடைசிக் கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். கெடுவை மனு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், அனுப்பிய நாளிலிருந்து அல்ல. அதனால் அந்த ஒப்புகை அட்டைதான் எங்களுக்கு உயிர். பதில் வந்தாலும் உறையைத் தூக்கிப் போடுவதில்லை. உள்ளே இருக்கும் கடிதத்தில் கெடுவுக்குள் ஒரு தேதி இருக்கும். உறையின் மேல் தபால் முத்திரை கெடு தாண்டிய ஒரு நாளைக் காட்டும். இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து வைப்பேன். அதாவது, மற்றவர்கள் முன்தேதி போட்டு எழுதுவதைப் பிடிப்பதும் என் வேலையில் ஒரு பகுதிதான். இதை அந்த அக்காவிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே என்னை மடக்கியிருப்பார்.

நான் சொன்னது வேறு: “அக்கா, அனுப்புகிற நாளில் அது உண்மையாகிவிடும்.”

இந்த வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். மோசமான பதில் என்று இப்போதும் தோன்றவில்லை. பின்தேதியிட்ட காசோலை கொடுப்பவனை யாரும் பொய்யன் என்று சொல்வதில்லை. ஆனால் காசோலையில் ஒருவன் தான் செய்யப்போவதை எழுதுகிறான். இந்தத் தாளில் அந்த அக்கா எழுதுவது இன்னொருவர் செய்யாமல் விட்டதை. அதுவும், அவர் செய்யாமல் விடுவதற்கு முன்பே.

“ஆகாவிட்டால்?” என்றார்.

“கிழித்துப் போட்டுவிடுவேன்.”

“அப்படியென்றால், பதில் வராது என்று தெரிந்துகொண்டேதான் அனுப்புகிறீர்களா?”

“அப்படி இல்லை அக்கா. பெரும்பாலும் வருவதில்லை.”

“பெரும்பாலும் என்று இதில் எழுதவில்லையே.”

மனுவில் கையெழுத்துப் போட்டார். மேல்முறையீட்டை என் பக்கமாகத் தள்ளிவிட்டுப் பேனாவை மூடினார். “வராவிட்டால் நானே வருகிறேன். அலைவது எனக்குப் புதிதா?”

அலைய விடக்கூடாது என்றுதானே இந்த ஏற்பாடே. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று அந்தப் பெண்கள் தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். மீன் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் அதுவும் கிடையாது. அந்தப் பன்னிரண்டில் ஒரு நாளை என் மேசைக்கு முன்னால் கழித்தால் மரிக்கொழுந்துப் பாசிக்கான ஒரு நாள் காசு போயிற்று. ஒரு கையெழுத்துக்காகப் பாலம் தாண்டி வர வேண்டுமா? நான் செய்தது உதவிதான். இந்த இடம் வரைக்கும் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் வருவது, அதற்கு அரை மணி நேரம் முன்பு நடந்ததை நினைக்கும்போது. அவர் வந்தது ஒரு நிவாரணத் தொகைக்காக. எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். தெருவில் எல்லோருக்கும் வந்துவிட்டது, இவருக்கு வரவில்லை. “எனக்கு மட்டும் ஏன் தரவில்லை என்று எழுதுங்கள்” என்றார். அப்படிக் கேட்கக்கூடாது என்றேன். அந்தச் சட்டத்தில் அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைக் கேட்கலாம். ‘ஏன்’ என்று கேட்டால், தாங்கள் கோருவது விளக்கம், தகவல் அல்ல என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். ஆகவே, “எனது விண்ணப்பத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை குறித்த கோப்புப் பக்கங்களின் நகல்” என்று எழுதினேன். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டினேன். அவர் அதையும் படித்துவிட்டு, “நான் கேட்டது இதில் இருக்கிறதா?” என்றார். இருக்கிறது என்றேன். அரை மனத்தோடு தலையாட்டினார்.

அவருடைய கேள்வியை நான் மாற்றினேன். அவர்களுடைய பதிலையும் நானே எழுதி வைத்துவிட்டேன். நடுவில் தபால்காரருக்கு மட்டும்தான் வேலை. இப்படிச் சொன்னால் ஏதோ மோசடி செய்ததுபோல் இருக்கிறது. எழுதத் தெரிந்தவன் எழுதத் தெரியாதவர்களுக்காக உட்கார்ந்தால் இவ்வளவும் நடக்கத்தான் செய்யும் என்று அடுத்த நிமிடமே தோன்றுகிறது.

நான்காவது வாரத்தில் பதில் வந்தது. தாங்கள் கோரிய தகவல் வேறோர் அலுவலகம் சார்ந்தது, ஆகவே மனு அங்கே மாற்றி அனுப்பப்பட்டது என்று ஒரு பக்கக் கடிதம். அறையில் மூத்தவரான அண்ணன் அதைப் படித்துவிட்டு, “அந்த அம்மா கையெழுத்துப் போட்டிருந்தால் வீண்தானே” என்றார். அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அதில் நியாயம் படவில்லை. பதில் வந்தது அவர்கள் தரப்பில் நடந்த தற்செயல். அதை வைத்து என் முறை தவறு என்று எப்படி முடிவு கட்டுவது? தவிர, மாற்றி அனுப்புவதென்றால் ஐந்து நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது. அதற்கு நான்கு வாரம் ஆக்கியவர்களின் பதிலைப் பதில் என்று சொல்வதா? தொலைபேசியில் அக்காவிடம் இதைச் சொல்லி, தாமதத்தின் மேல் மேல்முறையீடு போடலாம் என்றேன்.

“அவர்கள் ஏதோ சொல்லிவிட்டார்களே தம்பி. அந்த இன்னோர் அலுவலகத்துக்கும் நாள் கொடுங்கள்.”

எரிச்சலாக இருந்தது. ஆனாலும் அதன் பிறகு சில வாரங்கள் யாரிடமும் முன்கையெழுத்து வாங்கவில்லை. தொண்டிப் பக்கத்து இளைஞர் ஒருவர் மனுவைக் கொடுத்துவிட்டு வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். முப்பது நாள் கழிந்தது; பதில் இல்லை. மேல்முறையீட்டைக் கணினியில் எழுதி வைத்துக்கொண்டு, கையெழுத்து இல்லாமல் இருந்தேன். அந்தக் கெடுவும் போயிற்று. தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அந்தக் காரணத்தை எழுதிய கடிதத்திலும் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அவருடைய தாயார் வந்து, “நீங்கள் இருக்கிறீர்கள் என்றுதானே நம்பிப் போனான்” என்றார். அந்த அம்மாவிடம் பாம்பன் அக்காவின் நியாயத்தை எப்படி எடுத்துச் சொல்வது? சொல்லிப் பார்க்கக்கூட வாய் வரவில்லை.

எனவே பழைய வழக்கத்துக்கே திரும்பிவிட்டேன். ஒரே ஒரு மாற்றம்: அந்த வரியை இப்போது நானே வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன். பலரும், “சரி சரி, எங்கே போட வேண்டும்?” என்கிறார்கள். கேட்கிறார்கள், அதனால் என் பொறுப்பு முடிந்தது என்று சில நாள் நினைக்கிறேன். யாராவது மறுபடி பேனாவை மூடிவிடுவார்களோ என்று வேகமாகப் படிக்கிறேனோ என்று சில நாள் தோன்றுகிறது.

இரண்டாவது அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. அந்த அக்காவின் கோப்பில் மனுவின் நகல், ஒப்புகை அட்டை, மாற்றி அனுப்பிய கடிதம், அதன் உறை ஆகியவை மட்டுமே இருக்கின்றன. அவருக்கு மறுபடி மேல்முறையீடு எழுதி வைக்கவில்லை. அதே வாரத்தில் மனுக் கொடுத்த மற்ற எல்லோருக்கும் எழுதி, கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.